லோயிஸ் புவாசோன் எங்கிருந்தோ வந்து குதித்தவர் அல்ல

2025 பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் அந்த 361 வந்துவிடுகிறது. உலகத் தரவரிசையில் 361-வது இடத்தில் இருந்த லோயிஸ் புவாசோன் என்ற பிரெஞ்சுப் பெண் வைல்ட் கார்டில் (தரவரிசை போதாதவருக்குப் போட்டி நடத்துபவர்களே தரும் நேரடி அனுமதி) உள்ளே வந்தார், மூன்றாம் இடத்தில் இருந்தவரைத் தோற்கடித்தார், ஆறாம் இடத்தில் இருந்தவரைத் தோற்கடித்தார், அரையிறுதி வரை போனார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிண்ட்ரெல்லா கதை என்றார்கள், லாட்டரி என்றார்கள். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

முதலில் அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். டென்னிஸ் ரேங்கிங் என்பது கடைசி 52 வாரக் கணக்கு. போன வருடம் இதே வாரம் வாங்கிய புள்ளிகள் இந்த வருடம் இதே வாரம் கழிந்துவிடும். அதே வாரத்தில் மறுபடி ஆடிச் சம்பாதித்தால்தான் இருந்த இடத்தில் இருக்கலாம். ஆடாமல் வீட்டில் இருந்தால் இடம் சரிந்துகொண்டே போகும், காரணம் என்ன என்று கணினி கேட்காது.

புவாசோன் டிஜோன் நகரத்துப் பெண், பிறந்தது 2003 மே 16. அப்பா யான் புவாசோன் தொழில்முறைக் கூடைப்பந்து வீரராக இருந்தவர், ஆகவே விளையாட்டைப் பிழைப்பாக வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று அந்த வீட்டுக்குத் தெரியும். 2024 மே மாதம் பிரிட்டானி கடற்கரையில் உள்ள சான் மாலோவில் நடந்த டபிள்யூடிஏ 125 போட்டியை (பெண்கள் டென்னிஸ் சங்கத்தின் இரண்டாம் நிலைப் போட்டி) வென்றார். முதல் 200 இடத்துக்குள் வந்து, 150-ஐ ஒட்டி நின்றார். பிரெஞ்சு டென்னிஸ் சம்மேளனம் அந்த வருட பிரெஞ்சு ஓபனுக்கு அவருக்கு வைல்ட் கார்டு கொடுத்தது. இருபத்தொரு வயதில், சொந்த நாட்டில், முதல் கிராண்ட் ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) பிரதான டிரா, அதாவது தகுதிச் சுற்றுக்கு மேலான பிரதான ஆட்டப் பட்டியல்.

போட்டி தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. பாரிஸில் வேறொரு போட்டியில் ஆடிக்கொண்டிருந்தபோது இடது முழங்காலில் ஏசிஎல் என்னும் தசைநார் கிழிந்தது. கபடியோ கால்பந்தோ ஆடியவர்களிடம் இந்த மூன்றெழுத்தைச் சொன்னாலே முகம் மாறிவிடும். அறுவை சிகிச்சை, அப்புறம் மாதக்கணக்கில் பயிற்சி, நடக்கப் பழகி ஓடப் பழகி மறுபடி தரையில் சறுக்கப் பழகுவது. களிமண் தரையில் ஆடுபவர்களுக்குச் சறுக்குவதுதான் பாதி ஆட்டம். கிழிந்த காலை நம்பி அகலமாகச் சறுக்கி, அந்தக் கடைசி அடியில் உடம்பின் முழு எடையையும் அதில் போட்டுப் பந்தைத் திருப்பி அடிக்க வேண்டும். டாக்டர் சரி என்று சொன்ன பிறகும் மனசு சரி என்று சொல்வதற்கு நாளாகும்.

இத்தனை மாதம் ஆடாததால் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. 2025 மே வந்தபோது சான் மாலோ பட்டத்தின் புள்ளிகளும் போய்விட்டன. 361 வந்தது இப்படித்தான். அது முழங்காலின் ரேங்கிங். ஆட்டத்தின் ரேங்கிங் ஒரு வருடம் முன்பே அதைவிட எவ்வளவோ மேலே இருந்தது.

இதற்கு நடுவில் ஏப்ரலில் ரூவான் போட்டியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எதிரே பிரிட்டனின் ஹாரியட் டார்ட். ஆட்ட இடைவேளையில் அவர் நடுவரிடம் போய், அந்தப் பெண்ணின் உடம்பு நாறுகிறது, டியோடரண்ட் போடச் சொல்லுங்கள் என்றார். மைக் அதைப் பிடித்துவிட்டது, உலகம் முழுக்கப் போய்விட்டது. ஆட்டத்தை புவாசோன் 6-0, 6-3 என்று முடித்தார். டார்ட் பிறகு மன்னிப்புக் கேட்டார். புவாசோன் என்ன செய்தார் தெரியுமா? தான் ஆடும் படத்தில் ஒரு டவ் டியோடரண்டை ஒட்டி, அந்த கம்பெனியையே குறிப்பிட்டு, சேர்ந்து வேலை செய்யலாம் போலிருக்கிறதே என்கிற மாதிரி இன்ஸ்டாகிராமில் போட்டார். அழவில்லை, அறிக்கை விடவில்லை. பாரிஸில் ஆயிரக்கணக்கான பேருக்கு முன்னால் இந்தப் பெண் பதறாமல் ஆடியதைப் பார்த்தபோது எனக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வந்தது.

சரி, பாரிஸ். முதல் சுற்றில் 24-ம் நிலை பெற்ற எலிஸ் மெர்ட்டென்ஸ். அடுத்து உக்ரைனின் கலினினா. மூன்றாவது சுற்றில் இன்னொரு பிரெஞ்சுப் பெண் எல்சா ஜாக்மோ, அவரும் வைல்ட் கார்டில் வந்தவர்தான். 6-3, 0-6, 7-5. நடுவில் ஒரு செட்டில் ஒரு கேம்கூட எடுக்காமல் தோற்றுவிட்டு மூன்றாவது செட்டை எடுத்தார். இந்தக் கட்டம் வரை பெரும்பாலானவர்கள் கவனிக்கவேயில்லை.

நான்காவது சுற்றில்தான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிரெஞ்சு ஓபனின் பிரதான மைதானமான பிலிப் ஷாட்ரியே, எதிரே அந்த மூன்றாம் இடத்து ஜெசிகா பெகுலா, முந்தைய வருட அமெரிக்க ஓபன் இறுதி ஆட்டக்காரர். முதல் செட் 3-6. பெகுலாவின் ஆட்டம் தட்டையான பந்துகளை நம்பியது. இடுப்பு உயரத்தில் பந்து வந்தால் அவரைப்போல் அடிக்க ஆள் கிடையாது. புவாசோன் அந்த உயரத்தில் பந்தைக் கொடுக்கவே இல்லை. கனமான டாப்ஸ்பின் ஃபோர்ஹேண்ட், பந்து தரையில் பட்டதும் தோள் உயரத்துக்கு எகிறுகிறது. அப்புறம் திடீரென்று பந்தைச் சீவி, தாழ்வாக ஒரு ஸ்லைஸ். அதற்கும் பழகிவிட்டால் வலைக்குப் பக்கத்திலேயே மெதுவாக விழும் ஒரு டிராப் ஷாட். ஒரே மாதிரி இரண்டு பந்து வராது. 6-4, 6-4. கடைசி கேமில் பிரேக் பாயிண்டுகளை (சர்வ் போடுபவர் இழந்தால் கேமே போய்விடும் புள்ளிகள்) காப்பாற்றித்தான் முடிக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்திலும் பந்தைப் பயந்து தள்ளாமல் ஃபோர்ஹேண்டை வீசி அடித்தார்.

காலிறுதியில் ஆறாம் இடத்தில் இருந்த பதினெட்டு வயது மிரா ஆண்ட்ரீவா. அந்த வருடம் துபாயும் இந்தியன் வெல்ஸும் வென்றிருந்தவர். முதல் செட்டை டைபிரேக்கில் (6-6 ஆனால் செட்டை முடிவு செய்யும் கேம்) புவாசோன் எடுத்தார். இரண்டாவது செட்டில் 0-3 பின்தங்கினார். அங்கிருந்து ஆறு கேம் தொடர்ச்சியாக! கூட்டம் ஒரு பக்கமாகவே கத்தியது, ஆண்ட்ரீவா பொறுமை இழந்து பந்தை கேலரிக்கு அடித்து எச்சரிக்கை வாங்கினார். அந்தச் சின்னப் பெண்ணுக்காக எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பாரிஸ் கூட்டம் சில சமயம் அளவு மீறிப் போகும், அதை ரசிகர்களின் உற்சாகம் என்று பூசி மெழுக வேண்டியதில்லை.

அரையிறுதியில் கோகோ காஃப் 6-1, 6-2 என்று முடித்துவிட்டார். அதில் பேச ஒன்றும் இல்லை. காஃப் எல்லாப் பந்தையும் திருப்பி அனுப்பினார், புவாசோனின் கால்கள் தீர்ந்துபோயிருந்தன. காஃப்தான் அந்த வருடப் பட்டத்தையும் வென்றார்.

முதல் கிராண்ட் ஸ்லாமிலேயே அரையிறுதி என்பது 1980-க்குப் பிறகு பெண்களில் மோனிகா செலஸும் ஜெனிஃபர் கேப்ரியாட்டியும் மட்டுமே செய்தது. அவர்கள் இருவரும் 1989, 1990-ல் இதே பாரிஸில்தான் செய்தார்கள். பெண்கள் பிரிவில் வைல்ட் கார்டில் வந்து அங்கே அரையிறுதி ஆடிய முதல் ஆளும் புவாசோன்தான். பிரான்ஸுக்கு 2011-ல் மரியன் பார்ட்டோலிக்குப் பிறகு இதுதான் முதல் பெண்கள் அரையிறுதி.

காசைப் பற்றியும் பேசிவிடலாம், ஏனென்றால் இதைத்தான் லாட்டரி என்கிறார்கள். அரையிறுதிக்கு 6,90,000 யூரோ. அதற்கு முன்னால் அத்தனை வருடம் ஆடி அவர் வாங்கிய பரிசுப் பணம் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் டாலருக்கும் கீழே. அதிலிருந்துதான் பயிற்சியாளர், பயணம், ஹோட்டல், ராக்கெட்டுக்கு நரம்பு மாற்றும் கூலி எல்லாம். டென்னிஸில் சம்பளம் கிடையாது. ஆடாத வாரத்துக்குக் காசும் கிடையாது. முதல் சுற்றில் தோற்றாலே 73,000 யூரோ தந்த 2024 பிரெஞ்சு ஓபனை ஒரு வார இடைவெளியில் தவறவிட்டதன் கனம் இந்தக் கணக்கைப் போட்டால்தான் புரியும்.

இப்போது வைல்ட் கார்டு. இதில்தான் சண்டை. தகுதி இல்லாதவருக்கு உள்நாட்டுக்காரர் என்பதற்காகக் கதவைத் திறக்கலாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பெண்கள் பிரதான டிராவுக்கு எட்டு வைல்ட் கார்டு. அதில் ஒன்று அமெரிக்காவுக்கு, ஒன்று ஆஸ்திரேலியாவுக்கு, பதிலுக்கு அவர்களும் தங்கள் ஓபனில் பிரான்ஸுக்கு ஒன்று கொடுப்பார்கள். கிராண்ட் ஸ்லாம் நடத்தும் நாடுகள் தங்களுக்குள் மொய் எழுதிக்கொள்கிற ஏற்பாடு இது. ருமேனியாவிலோ துனிசியாவிலோ பிறந்து, அதே வயதில், அதே மாதிரி முழங்கால் போன ஒரு பெண்ணுக்கு இந்தக் கதவு கிடையாது. இது அநியாயம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. புவாசோனின் வெற்றியைக் காட்டி இந்த ஏற்பாட்டையே நியாயப்படுத்துகிறவர்களோடு என்னால் உடன்பட முடியாது.

அதே சமயம், உள்ளே விட்டதால்தான் ஜெயித்தார் என்பதும் சரியில்லை. வைல்ட் கார்டு ஒரு ஆட்டத்துக்கான சீட்டு. பெகுலாவின் பந்தை அது திருப்பி அடிக்காது. சென்னை ஓபன் 2022-ல் நுங்கம்பாக்கத்தில் நம் கர்மன் தண்டி வைல்ட் கார்டில் வந்துதான் பிரான்ஸின் க்ளோயி பாக்கேயை முதல் சுற்றில் வென்றார். அன்றைக்கு நாம் யாரும் கதவைப் பற்றிப் பேசவில்லை, விசில்தான் அடித்தோம்.

பிரான்ஸ் உண்மையில் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பெரிய வசதி வைல்ட் கார்டே இல்லை என்பது என் கருத்து. சான் மாலோ, ரூவான், சான் கோடான்ஸ் என்று சின்னச் சின்ன ஊர்களில் நடக்கும் போட்டிகள்தான் அது. விமானமும் விசாவும் இல்லாமல் ரயிலில் போய் தொழில்முறைப் போட்டி ஆடிவிட்டு வரலாம். காயத்திலிருந்து திரும்பும் ஒருவருக்கு இது பெரிய விஷயம். கால் வலித்தால் மறுநாள் வீட்டுக்கு வந்துவிடலாம். இதைப் பற்றி எவரும் கட்டுரை எழுதுவதில்லை, ஷாட்ரியேவில் விழுந்து எழுந்த காட்சி மட்டும்தான் ஓடுகிறது.

அப்புறம் விம்பிள்டன். பாரிஸ் முடிந்ததும் அவர் 65-வது இடத்துக்கு வந்துவிட்டார். ஆனால் விம்பிள்டன் நுழைவுப் பட்டியல் பிரெஞ்சு ஓபனுக்கு முன்பே முடிவாகிவிடும், பழைய எண்ணின்படி அவருக்கு நேரடி இடம் இல்லை. வைல்ட் கார்டும் கொடுக்கவில்லை. இதைக் கேட்டு இணையத்தில் ஒரே கொந்தளிப்பு. எனக்கு விம்பிள்டன் செய்தது சரி என்றே படுகிறது. உள்ளூர்க்காரர்களுக்குத்தான் கார்டு என்பது பாரிஸில் நியாயம், லண்டனில் அநியாயமா? ரோஹாம்ப்டனில் தகுதிச் சுற்று ஆடப் போனார், முதல் ஆட்டத்திலேயே கனடாவின் கார்சன் பிரான்ஸ்டைனிடம் மூன்று செட்டில் தோற்றார். புல் தரையில் பந்து எகிறாது, சறுக்கவும் முடியாது. அவருடைய ஆயுதம் இரண்டையும் அந்தத் தரை பிடுங்கி வைத்துக்கொண்டது. இந்தப் பிரான்ஸ்டைன்தான் பிறகு தகுதிபெற்று முதல் சுற்றில் உலகின் முதல் இடத்தில் இருந்த சபலென்காவோடு ஆடினார்.

அந்தத் தோல்வி அவருக்கு நல்லது என்றுகூட ஒரு பக்கம் நினைத்தேன். ஏனென்றால் பிரெஞ்சு ஊடகம் இளைஞர்களைத் தோளில் தூக்கும் வேகம் பயங்கரம். 1996-ல் ரிஷார் காஸ்கேயை ஒன்பது வயதில் டென்னிஸ் இதழின் அட்டையில் போட்டார்கள். அவர் உலகின் 7-வது இடம் வரை போனார், 16 பட்டம் வென்றார், மூன்று கிராண்ட் ஸ்லாம் அரையிறுதி ஆடினார். வேறு நாட்டில் இது பெரிய வாழ்க்கை. பிரான்ஸில் கடைசி வரை, வந்திருக்க வேண்டியது வராமல் போனவர் என்றுதான் பேசினார்கள். 1983-ல் யானிக் நோவா பிரெஞ்சு ஓபனை வென்ற பிறகு பிரெஞ்சு ஆண்களில் யாரும் அதை வெல்லவில்லை, பெண்களில் 2000-ல் மேரி பியர்ஸோடு சரி. அந்தக் காத்திருப்பின் பாரத்தை ஒவ்வொரு குழந்தையின் முதுகிலும் ஏற்றுகிறார்கள்.

கரோலின் கார்சியாவின் கதை இன்னும் மோசம். 2011-ல், பதினேழு வயதில், பாரிஸில் ஷரபோவாவுக்கு எதிராக 6-3, 4-1 என்று முன்னிலையில் இருந்தார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பிரிட்டன் வீரர் ஆண்டி மர்ரி, இந்தப் பெண் ஒருநாள் உலகின் முதல் இடத்துக்கு வருவாள் என்று ட்விட்டரில் எழுதிவிட்டார். அதற்குப் பிறகு கார்சியா பதினொரு கேம் தொடர்ச்சியாக இழந்து தோற்றார். பின்னாளில் 4-வது இடத்துக்கு வந்தார், 2022-ல் சீசன் முடிவில் முன்னணி ஆட்டக்காரர்கள் மட்டும் ஆடும் டபிள்யூடிஏ ஃபைனல்ஸ் வென்றார். ஆனாலும் அந்த ஒரு வரி கூடவே வந்தது. தோற்ற நாட்களில் தனக்கு வரும் வசைகளைப் பற்றி அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

காஸ்கேயும் கார்சியாவும் கடைசியாக பிரெஞ்சு ஓபன் ஆடியது அதே 2025-ல்தான். இவர்கள் கிளம்பிய அதே பதினைந்து நாளில் புவாசோன் வந்தார். அடுத்த நாளே இவர்தான் மீட்பர் என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜூலையில் ஹாம்பர்க். மறுபடி களிமண். பெரிய பெயர்கள் அதிகம் இல்லாத டிரா, உண்மைதான். ஆனால் இங்கே அவர் ஜெயிக்க வேண்டிய ஆள் என்ற நிலையில் இறங்கினார், தெரியாத பெண்ணாக இறங்குவதைவிட இது கஷ்டம். இறுதியில் அன்னா போண்டாரை 7-5, 6-3 என்று வென்று முதல் டபிள்யூடிஏ பட்டம் எடுத்தார். எனக்கு அந்த வாரம் பாரிஸ் வாரத்துக்குச் சமம். கூட்டம் பாட்டுப் பாடவில்லை, வைல்ட் கார்டு விவாதம் இல்லை, வேலையைப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு அமெரிக்க ஓபனில் முதல் சுற்றிலேயே கோலுபிச்சிடம் தோற்றார். உடனே ஒரு வாரப் புகழ் என்று எழுதினார்கள். தோற்றது கடினத் தரையில், அவருடைய வீச்சு நீண்ட ஃபோர்ஹேண்டுக்கு அங்கே நேரம் கிடைப்பதில்லை. பேக்ஹேண்ட் பக்கம் வேகமாகப் பந்து வந்தால் ஸ்லைஸ் செய்து தப்பிக்கிறார், அதையே நல்ல ஆட்டக்காரர்கள் ஏறி வந்து அடித்துவிடுகிறார்கள். இதைச் சரிசெய்ய ஒன்றிரண்டு சீசன் ஆகும். சரியாகாமலும் போகலாம், களிமண்ணில் மட்டும் ஆபத்தான ஆளாக நின்றுவிடவும் கூடும். அப்படி நின்றாலும் அது ஒரு நல்ல டென்னிஸ் வாழ்க்கைதான், யாருக்கும் கடன் பாக்கி இல்லை.

கமெண்டில் லாட்டரி என்று எழுதப்போகிறவர்கள் 2024 மே மாத ரேங்கிங்கை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். வைல்ட் கார்டு பற்றி மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சண்டை போடலாம்.