மூவாரில் காலையிலேயே சாத்தே

மலேசியாவைச் சுற்றிப் பார்க்க வரும் சொந்தக்காரர்களும் சரி, இங்கேயே இருந்துகொண்டு வார இறுதியில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பும் நண்பர்களும் சரி, கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தக் கடைல சாப்பாடு நல்லா இருக்கும்?" கடை பெயரும் வரைபடத்தில் ஒரு புள்ளியும் கையில் கிடைத்துவிட்டால் அவர்களுக்குத் திருப்தி. நான் முதலில் அவர்களுக்குச் சொல்வது நேரத்தைத்தான். நம் ஒட்டுக்கடை, அதாவது தெருவோரச் சிறுகடைச் சாப்பாட்டுக்கு ஊர் எவ்வளவு முக்கியமோ, அந்த ஊரில் அது எந்த வேளைக்கு உரியது என்பதும் அவ்வளவு முக்கியம். கடையைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு வேளை தவறிப் போனால், நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மூவாரையே எடுத்துக்கொள்ளுங்கள். குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சியான சாத்தே என்றால் நாட்டின் மற்ற பகுதிகளில் மாலைக்கு மேல்தான் நினைப்பு வரும். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் புகை கிளம்பும், பத்துக் குச்சி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். ஜொகூர் மாநிலத்து மூவாரில் காலையில் பசியாறவே சாத்தே. காலைக் கோப்பியை வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகும் உடுப்போடு உட்கார்ந்து, வேர்க்கடலைக் குழம்பில் குச்சியைத் தோய்த்துச் சாப்பிடுகிறவர்களை அங்கே பார்க்கலாம். பக்கத்திலேயே நிப்பா ஓலையில் சுற்றிச் சுட்ட ஒத்தாக்-ஒத்தாக். மீன் விழுதும் மசாலாவும் ஓலை வாசத்தோடு சூடாக இருக்கும். தங்கும் விடுதியில் வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டைத் தின்றுவிட்டுப் பத்து மணிக்கு மேல் தெருவில் இறங்குகிறவருக்கு இந்த ஊரின் பாதி தெரியாமலே போய்விடும்.

கிளந்தான் மாநிலத்துக் கோத்தா பாருவும் காலை ஊர்தான். நாசி கெராபு, நாசி டாகாங் என்ற இரண்டு சோற்று வகைகளையும் அங்கே விடிந்ததுமே விற்கத் தொடங்கிவிடுவார்கள். நாசி கெராபுவை ஒருமுறை பொட்டலம் கட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். சங்குப்பூச் சாறில் வேகவைத்த நீலச் சோறு. அதன்மேல் வறுத்து இடித்த தேங்காய், பொடிப்பொடியாக அரிந்த பச்சிலைகள், முளைப்பயறு, ஒரு துண்டு மீன் அல்லது கோழி, மீனும் தேங்காயும் அடைத்த பச்சை மிளகாய், உப்பு முட்டை, நொறுங்கும் கெரோப்போக் அப்பளம். கடைசியில் ஒரு சின்னக் கரண்டி பூடு, அதாவது நெத்திலியை உப்பில் ஊறப்போட்டு நொதிக்கவைத்த சாறு. பொட்டலம் கட்டும் அம்மாளின் கை ஒரு பாத்திரத்திலிருந்து அடுத்ததற்கு நகரும் வேகத்தில் எது எப்போது விழுந்தது என்று கணக்கு வைக்க முடியாது. அத்தனையையும் பிசைந்துதான் சாப்பிட வேண்டும். சோற்றின் நீலத்தைப் படம் பிடித்துவிட்டு மேலாகக் கிண்டிவிட்டு வைத்துவிட்டால் ருசியே தெரியாது. பூடு வாசம் பிடிக்காதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் கொஞ்சமாவது போட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள் என்பேன். அது இல்லாமல் அந்தச் சோறு முழுமையாகாது. கிளந்தானில் வார விடுமுறை வெள்ளி, சனி என்பதையும் பயணத் திட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பினாங்கைப் பற்றி ஏற்கெனவே எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஆனாலும் நாசி கண்டாரைப் பற்றிப் பேசாமல் நகர மனம் வரவில்லை, ஏனென்றால் அது நம்மவர்கள் கதை. தமிழகக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள், தோளில் தடியைப் போட்டு, ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்புமாகத் தூக்கிக்கொண்டு துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு அது. உடம்பு நோகப் பாடுபடுகிறவனுக்கு வயிறு நிறையச் சோறும், உறைப்பும் உப்பும் தூக்கலான குழம்பும் வேண்டும். அந்தக் கணக்கில் பிறந்ததுதான். கேம்பல் ஸ்திரீட்டில் 1907இல் தொடங்கிய ஹமீதியா இன்னும் நடக்கிறது. இன்றைக்கு நாசி கண்டார் இருபத்து நான்கு மணி நேரமும் கிடைக்கும் பெரிய வியாபாரமாகிவிட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. சோற்றின்மேல் மூன்று நான்கு குழம்பைக் கலந்து ஊற்றும் அந்தக் கைப்பழக்கம் மட்டும் மாறாமல் இருந்தால் போதும். குழம்பு மூழ்க வேண்டும் என்றால் "பஞ்சிர்" என்று சொன்னால் போதும். மாட்டிறைச்சி சாப்பிடாத நம் ஆட்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கலவையில் மாட்டிறைச்சிக் குழம்பும் சேரலாம். தட்டை நீட்டும்போதே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் தமிழிலேயே சொல்லலாம்.

அப்புறம் அசாம் லக்சா. தமிழ் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும் பினாங்கு உணவு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். தேங்காய்ப்பால் கிடையாது. புளியில் கொதித்து உதிர்ந்த கெம்போங் மீன்தான் சாறின் அடிப்படை. நம் வீட்டில் முதல் நாள் வைத்த மீன்குழம்பு மறுநாள் புளிப்பேறி நிற்குமே, அந்த ருசிக்குப் பக்கத்தில் வரும். செய்வதைப் பார்க்க வேண்டும். கடைக்காரர் தடித்த அரிசி மீயை (நூடுல்ஸை)க் கிண்ணத்தில் போட்டுக் கொதிக்கும் சாறை ஊற்றுவார். உடனே கரண்டியால் மீயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சாறைத் திரும்பவும் பானைக்குள் சாய்த்துவிடுவார். மறுபடி ஊற்றுவார், மறுபடி சாய்ப்பார். ஆறிப்போன மீ உள்வரை சூடேறும் வரைக்கும் இது நடக்கும். அதற்குப் பிறகுதான் வெள்ளரிக்காய், அன்னாசி, வெங்காயம், புதினா, அரிந்த புங்கா கந்தான் என்ற இஞ்சிப்பூ, கடைசியில் ஒரு கரண்டி கறுத்த இறால் விழுது. அந்த விழுதைக் கலக்குவதற்கு முன் சாறை மட்டும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், பிறகு கலக்கிக் குடியுங்கள். இரண்டும் வேறுவேறு ருசி.

கோலாலம்பூரில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் "அசல் பினாங்கு" என்று பலகை மாட்டியிருந்த ஒரு கடையில் சார் குவே தியாவ், அதாவது தட்டையான அரிசி மீ பிரட்டல் சாப்பிட்டேன். பெயர் வேண்டாம். அரைத்தட்டு இறால், அழகான தட்டு, குளிர்சாதனம், விலை மூன்று மடங்கு. நெருப்பு மட்டும் இல்லை. சார் குவே தியாவில் ருசி என்பதே பாதி நெருப்புதான். கரியடுப்பில் இரும்புச் சட்டியை வைத்து, ஒரு நேரத்தில் ஒரு தட்டுக்கு மட்டும் பிரட்ட வேண்டும். நான்கு பேருக்குச் சேர்த்துப் போட்டால் சட்டி ஆறிவிடும், மீயில் தண்ணீர் விட்டுவிடும், அந்தக் கருகல் வாசம் வராது. பேரங்காடிக்குள் கரியடுப்பை யார் அனுமதிப்பார்கள்? வரிசையில் ஐம்பது பேர் நிற்கும்போது ஒவ்வொரு தட்டாகப் பிரட்டிக்கொண்டிருந்தால் வாடகை எப்படிக் கட்டுவது? அந்தச் சமையற்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த உணவை அந்த இடத்துக்குள் திணிப்பதுதான் தவறு. பினாங்கில் பெரியவர் ஒருவர் விசிறியோடு கரியடுப்புக்கு முன்னால் நிற்கிறார், முக்கால் மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார் என்றால் காத்திருங்கள். அந்த நேரமும் சாப்பாட்டில் சேர்ந்ததுதான்.

கரி என்றதும் கோலா செபெத்தாங் ஞாபகம் வருகிறது. தைப்பிங்கிலிருந்து அரை மணி நேரம் கூட ஆகாது. 1885இல் நம் நாட்டின் முதல் ரயில் பாதை போட்டது இந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான். அப்போது இந்த ஊருக்குப் பெயர் போர்ட் வெல்ட். ஊரைச் சுற்றி மாத்தாங் கண்டல் காடு, நாற்பதாயிரம் ஹெக்டேர் அளவில். மரத்தை முப்பது வருடச் சுழற்சியில் வெட்டுகிறார்கள். வெட்டிய இடத்தில் மறுபடி வளர விட்டு, முறை வரும்போதுதான் திரும்ப வருவார்கள். வெட்டிய பாக்காவ் என்ற கண்டல் மரக் கட்டைகளைப் பட்டை உரித்து, குவிமாடம் மாதிரி இருக்கும் செங்கல் சூளைக்குள் நிறுத்திவைத்து, வாசலில் தீ மூட்டி, வாரக்கணக்கில் புகையின் நிறத்தையும் வாடையையும் பார்த்தே பக்குவம் சொல்கிறார்கள். நிறைய ஜப்பானுக்குப் போகிறது. சூளையைப் பார்த்துவிட்டு ஆற்றோரமாக வந்து மீ ஊடாங் சாப்பிடுங்கள். அந்தச் சதுப்பு நிலமும் காயலும் தந்த இறால், இனிப்பும் உறைப்புமான கெட்டிச் சாறு. விறகும் இறாலும் ஒரே காட்டைச் சேர்ந்தவை என்பது கண்ணெதிரே தெரியும். தைப்பிங்கிலேயே லாருட் மாத்தாங் அங்காடி மையம் இருக்கிறது. அங்கே குவே தியாவில் மீன் உருண்டை போடுவார்கள். பினாங்குக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்கு அதுவும் பிடிக்கும்.

பேராக் மாநிலத்தில் இன்னும் ஓர் ஊர் சொல்ல வேண்டும், சித்தியவான். சீனாவிலிருந்து ஹொக்சியூ மக்கள் 1903இல் குடியேறிய ஊர். கொங் பியாங் என்ற ரொட்டியை அங்கே இன்னும் கரி போட்ட மண் அடுப்பின் உட்சுவரில் கையால் ஒட்டிச் சுடுகிறார்கள். உள்ளே கையை விட்டு எடுக்கும் அந்த ஆளின் முன்கையைப் பாருங்கள். சூடாக இருக்கும்போதே தின்றுவிட வேண்டும், ஆறினால் ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

ஈப்போவுக்கு வருகிறவர்கள் முளைப்பயறுக் கோழியும் வெள்ளைக் கோப்பியும் முடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, சுண்ணாம்பு மலைத் தண்ணீரில் வளர்ந்ததால்தான் எங்கள் முளைப்பயறு குட்டையும் கொழுப்புமாக இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் புந்தோங் பக்கம் காரைத் திருப்ப யாருக்கும் தோன்றுவதில்லை. கச்சாங் பூத்தே கம்பம் அங்கேதான் இருக்கிறது. தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் கடலை, முறுக்கு, ஓமப்பொடி, பட்டாணி கொண்டுபோய்த் திரையரங்கு வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் விற்ற இந்தியக் குடும்பங்களின் குடியிருப்பு. காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதில் கடலையை அள்ளிப் போட்டுத் தருவார்களே, அந்தத் தொழில். இன்று பொட்டலமாகக் கடைகளுக்குப் போகிறது. முறுக்கு பிழியும் நேரத்தில் போனால் எண்ணெய் வாசம் தெருவுக்கே வரும். அந்தத் தெருவுக்கு ஒரு நடை போகாமல் நம் மக்கள் ஈப்போவைப் பார்த்துவிட்டேன் என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இப்போது கொஞ்சம் சண்டைக்கு வருகிறேன். 2024 டிசம்பரில் நம் பசியாறும் பழக்கத்தை, அதாவது நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக்கோடு எல்லா இனத்தாரும் ஒரே கடையில் உட்கார்ந்து சாப்பிடுவதை, யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. எல்லாரும் பகிர்ந்தோம், பெருமைப்பட்டோம். அதே வாயால், ரொட்டி சானாய் விலை முப்பது சென் ஏறினால் ரசீதைப் படம் பிடித்துப் போட்டுத் திட்டுகிறோம். பதினைந்து வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஐஸ் போட்ட காப்பி வாங்கும்போது நமக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாவு பிசைந்து, தேங்காய் பிழிந்து, கரி மூட்டுகிறவருக்கு மட்டும் விலை ஏற்ற உரிமை கிடையாதா? இந்த உழைப்பு மலிவாகவே இருக்க வேண்டும் என்று நாம் அடம் பிடிப்பதால்தான் அவர்களுடைய பிள்ளைகள் கடைப் பக்கம் வருவதில்லை. பெற்றோரே வேண்டாம் என்கிறார்கள்.

பினாங்கில் 2016 முதல் அங்காடிக் கடைகளில் உள்ளூர் உணவுகளை வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சமைக்கக் கூடாது என்று மாநில அரசு விதி போட்டது. ருசி கெட்டுவிடக் கூடாது என்ற அக்கறை புரிகிறது. ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தோளில் தடியோடு வந்த தமிழ் முஸ்லிம் எங்கிருந்து வந்தார்? குவே தியாவ் பிரட்டியவரின் தாத்தா எந்தக் கப்பலில் வந்தார்? இந்த நாட்டின் ஒட்டுக்கடைச் சாப்பாடே வந்தவர்கள் கை வைத்து உருவாக்கியது. பத்து வருடம் ஒரே தவுக்கேயிடம், அதாவது கடை முதலாளியிடம் நின்று கற்றுக்கொண்ட வங்காளதேசத்துத் தம்பியின் கையில் அந்த நெருப்பு பிடிபட்டிருந்தால், கற்க மனமில்லாத சொந்தப் பிள்ளையைவிட அவர்தான் வாரிசு என்பேன். இதில் என்னோடு சண்டை போட நிறையப் பேர் வருவீர்கள் என்று தெரியும், வாருங்கள்.

கோப்பிக் கடைகளுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே சாப்பாட்டுக்கடை ஒவ்வொன்றும் தனித்தனி ஆள், இடத்தை நடத்துகிறவர் பெரும்பாலும் பானம் விற்பவர்தான். நாலு பேர் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு ஒரு தண்ணி கூட எடுக்காமல் உட்கார்ந்திருப்பது நியாயமில்லை. ஆளுக்கொரு கோப்பி ஓ (பால் இல்லாத கோப்பி) சொல்லுங்கள். இடம் இல்லையென்றால் முன்பின் தெரியாதவரோடு மேசையைப் பகிர்ந்துகொள்ளலாம், கேட்டுவிட்டு உட்கார்ந்தால் போதும். அவர் என்ன சாப்பிடுகிறார் என்று பார்த்து அதையே நீங்களும் சொல்லலாம், நல்ல கடைகள் பல எனக்கு அப்படித்தான் கிடைத்தன. சைவம் சாப்பிடுகிறவர்கள் பெலாச்சான் என்ற இறால் விழுதை மறக்க வேண்டாம். வெறும் கீரைப் பிரட்டலில்கூட அது இருக்கலாம். சீன நாள்காட்டியில் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் நிறையச் சீனர்கள் சைவம், அன்றைக்குச் சைவக் கடைகளில் கூட்டமும் இருக்கும், பலகாரமும் அதிகமாக இருக்கும்.

கெடா பக்கம் எனக்கு அவ்வளவு பழக்கம் போதாது. கூலிம், பாலிங், சுங்கை பட்டாணி, ஜித்ரா ஆட்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். வேறெந்த ஊரிலும் கிடைக்காது என்று நீங்கள் நினைக்கும் ஒரே ஓர் ஒட்டுக்கடைப் பண்டத்தைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். அந்தக் கடையில் யாராவது சின்ன வயதுக்காரர் பக்கத்தில் நின்று தொழில் கற்றுக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள், அங்கேதான் முதலில் போகப்போகிறேன்.