பான்டிஃப்ராக்ட் கோட்டையை இடிக்கச் சொன்னது ஊர் மக்கள்

இங்கிலாந்தின் பான்டிஃப்ராக்ட் கோட்டையை, மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், நாடாளுமன்றப் படைத் தளபதி குரோம்வெல் பீரங்கியால் தரைமட்டமாக்கினார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. 1648 நவம்பரில் அவர் முற்றுகைக்கு வந்தது உண்மைதான். ஆனால் கோட்டை விழவில்லை. பொறுப்பை இன்னொரு தளபதியான ஜான் லாம்பர்ட்டிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார். 1649 ஜனவரியில் மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்ட பிறகும் உள்ளே இருந்த மன்னரின் ஆட்கள் பணியவில்லை. மார்ச்சில்தான் சரணடைந்தார்கள்.

கோட்டையை இடிக்கச் சொல்லி நாடாளுமன்றத்துக்கு மனு போட்டது கீழே இருந்த சந்தை ஊரின் மக்கள்! ஐந்தாண்டுக்குள் மூன்று முற்றுகைகள், நொந்துபோயிருந்தார்கள். அவர்கள் பட்ட பாட்டை மறைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரு தளபதியின் கணக்கில் எழுதுவது நியாயமே இல்லை. அந்த ஏப்ரலிலேயே இடிப்பு தொடங்கியது. பெயர்த்தெடுத்த பொருள்களை விற்றுவிட்டார்கள்.