கிளென் மில்லர் பாரிஸில் சாகவில்லை

"அமெரிக்க பிக் பேண்ட் (பெரிய ஜாஸ் குழு) இசைஞர் கிளென் மில்லர் விமானத்தில் தொலையவே இல்லை, பாரிஸ் விபசார விடுதியில் இறந்தார், ராணுவம் மூடி மறைத்தது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. கேட்கச் சுவாரசியம்தான், ஆனால் ஆதாரம் கிடையாது.

நடந்தது இது. 1944 டிசம்பர் 15 அன்று இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு அருகே உள்ள ட்வின்வுட் ஃபார்ம் தளத்திலிருந்து ஒற்றை எஞ்சின் நார்ஸ்மேன் விமானத்தில், அப்போது ராணுவ இசைக்குழுவை நடத்திவந்த அவர் பாரிஸுக்குக் கிளம்பினார். கூட இருந்தவர்கள் விமானி ஜான் மார்கன், லெப்டினன்ட் கர்னல் நார்மன் பேசல். மோசமான வானிலை. விமானம் போய்ச் சேரவேயில்லை. சில நாள் கழித்து பாரிஸ் வந்த அவருடைய குழுவினர் தலைவரைத் தேடினார்கள். கடைசியில் அவர் இல்லாமலேதான் வாசித்தார்கள். டிசம்பர் 24 அன்று ராணுவம் அவரைக் காணவில்லை என்று அறிவித்தது.

உடைந்த பாகம் எதுவும் கிடைக்காததால்தான் இத்தனை கதைகள். கார்புரேட்டரில் (எரிபொருளையும் காற்றையும் கலக்கும் பாகம்) பனி உறைந்து எஞ்சின் நின்றிருக்கலாம் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். சரி, விடுதிக் கதை உண்மையென்றால் மற்ற இருவரும் எங்கே போனார்கள்?

விமானம் காணாமல் போனது பற்றிய ராணுவ அறிக்கை அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் அமெரிக்கக் கல்லறையில், காணாமல் போனோர் சுவரிலும் மில்லரின் பெயரைப் பார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள்.