பந்து உருட்ட எதற்குப் பிஎச்டி?

ஞாயிற்றுக்கிழமை மேடையில் அந்தப் பெரிய டாக்டர் சொன்னதை எல்லோரும் கேட்டாயிற்று. எனக்கு அந்தக் கிளிப்பை அனுப்பாத ஆள் பாக்கி இல்லை. "ஆக்குபேஷனல் தெரபியில பிஎச்டியா? பந்து உருட்டறதுக்கு ஆராய்ச்சி எதுக்கும்மா?" அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த நம் சீனியர் தெரபிஸ்டுகளும் சேர்ந்து சிரித்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வேடிக்கையாகச் சொன்னார், விட்டுவிடு என்கிறீர்கள். சரி, விட்டுவிடுகிறேன். ஆனால் "எதுக்கு" என்று கேட்டாரே, அதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். நோயால் முடங்கியவர் சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளப் பழக்குவதுதான் நம் ஆக்குபேஷனல் தெரபி.

பக்கவாதம் வந்தவர் தன் வேலைகளைத் தானே எவ்வளவு செய்துகொள்கிறார் என்று பார்க்க வார்டில் நாம் எடுப்பது பார்தெல் இண்டெக்ஸ் (Barthel Index) என்ற மதிப்பீட்டுப் படிவம். 1965இல் அமெரிக்காவில் வந்தது. பத்து வேலைகள், மொத்தம் 100 மதிப்பெண். நல்ல படிவம்தான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் இன்று பரவலாகப் புழங்கும் வடிவத்தில் சாப்பாடு என்ற இடத்தில் என்ன இருக்கிறது? உணவை வெட்ட, வெண்ணெய் தடவ உதவி வேண்டுமா என்று இருக்கிறது. உடை என்ற இடத்தில் பொத்தான், ஜிப், ஷூ லேஸ். வேட்டி எங்கே? சேலைக் கொசுவம் எங்கே? குத்தவைத்து உட்கார்ந்து எழுவது எங்கே?

என்னிடம் வந்த ஒரு பாட்டி. வலது கையில் பாதி பலம்தான் திரும்பியிருந்தது. ஸ்பூனால் அழகாகச் சாப்பிட்டார், படிவத்தில் முழு மதிப்பெண். பேத்தி கல்யாணத்துக்குப் போனவர் பந்தியில் உட்காரவே மாட்டேன் என்றுவிட்டாராம். "இலை போட்டு நாலு பேர் மத்தியில கரண்டியாலயா சாப்பிடுவேன்? பீச்சாங்கையாலயா சாப்பிடுவேன்?" என்று என்னிடமே கேட்டார். ரசம் சாதத்தைக் கையால் பிசைந்து, வழியாமல் அள்ளி, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுவதற்கு விரல்களும் மணிக்கட்டும் செய்கிற வேலை வேறு, ஸ்பூன் பிடிப்பது வேறு. அவர் வீட்டுக்குள் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் ஃபைலில் அவர் 'பிறர் உதவி தேவையில்லை'.

100 வாங்கியவர் தனியாக வாழ முடியும் என்று அர்த்தமில்லை, சமைக்கவோ வீட்டைக் கவனிக்கவோ முடியாமல் போகலாம் என்று அதை உருவாக்கியவர்களே எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் நம் ஊர் வேலைகளைச் சேர்த்து ஒரு படிவம் செய்ய வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக அளந்தால் ஒரே மதிப்பெண் வருகிறதா, நோயாளி தேறும்போது அதுவும் ஏறுகிறதா என்று பலரிடம் வைத்துப் பார்க்க வேண்டும். இதற்குப் பெயர் ஆராய்ச்சி, சார். இதற்குத்தான் பிஎச்டி.

சிரித்த சீனியர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் சென்டரில் ஊஞ்சல் தொங்குகிறதே, வாசலில் 'சென்சரி இன்டக்ரேஷன்' என்று போர்டு இருக்கிறதே, தொடுதல், அசைவு போன்ற புலனுணர்வுகளை ஒருங்கிணைக்கக் குழந்தைகளைப் பழக்கும் அந்த முறை, அது யார் கொடுத்தது? ஜீன் அயர்ஸ். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். 1961இல் கல்வி உளவியலில் பிஎச்டி முடித்தவர். அன்றைக்கு அவரிடமும் ஊஞ்சலுக்கு எதற்கு ஆராய்ச்சி என்று கேட்டு உட்கார வைத்திருந்தால் இன்று உங்கள் போர்டில் என்ன எழுதியிருப்பீர்கள்?

"பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ள ஆசை" என்று ஒருவர் கமெண்ட். ஆமாம், ஆசைதான். வரலாற்றில் பிஎச்டி முடித்தவர் போட்டுக்கொள்ளலாம், நான் போட்டால் மட்டும் நோயாளி குழம்பிவிடுவாரா? "கட் காப்பி பேஸ்ட் தீசிஸ்தானே" என்கிறார் இன்னொருவர். அது எந்தத் துறையில் இல்லை? அடுத்த கேள்விக்குப் போகலாம். "முடித்தால் சம்பளம் ஏறுமா?" ஏறாது. தெரிந்துதான் செய்கிறேன். பார்ட் டைமில், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே, சொந்தக் காசில்.

1950இல் மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் ஆக்குபேஷனல் தெரபி படிப்பைத் தொடங்கினார். எழுபது ஆண்டுக்கு மேல் ஆகியும் நமக்கு பிஎச்டி ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு கிடைப்பது குதிரைக்கொம்பு. பிஎச்டி முடித்தவர் குறைவு, அதனால் கைடு குறைவு, அதனால் முடிப்பவரும் குறைவு. என் கைடு வேறு துறை. நல்லவர். ஆனால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விளக்க வேண்டும். ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியில் என் ஆய்வைப் பற்றி ஒரு கேள்வி வரவில்லை. "உங்களுக்கும் பிசியோவுக்கும் என்ன வித்தியாசம்?" என்பதிலேயே நேரம் முடிந்தது. வீட்டுக்கு வந்தால் அத்தை, "இந்த வயசுல என்னம்மா பரீட்சை" என்கிறார். அவர் பாசத்தில் சொல்கிறார். மேடையில் இருந்தவருக்கு என்ன?

எனக்கு ஒரு சந்தேகம். சாப்பிடுவது, குளிப்பது, சேலை கட்டுவது என்றாலே வீட்டுப் பெண்கள் சமாச்சாரம் என்று பலருக்கு நினைப்பு. அதைப் பழக்கித் தருபவர்களும் எங்கள் துறையில் பெரும்பாலும் பெண்கள். முழங்கால் மாற்று அறுவையைப் பற்றி ஓர் ஆண் ஆராய்ந்தால் இந்தச் சிரிப்பு வந்திருக்குமா? இல்லை என்று சொல்ல வருபவர்கள் கிளிப்பில் யார் யார் சிரித்தார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

நேற்று ஒரு ஜூனியர் கேட்டிருந்தாள், "அக்கா, அப்ளை பண்ணலாம்னு இருந்தேன், விட்டுடட்டுமா?" விடாதே. ஆய்வுச் சுருக்கத்தை, அந்த சினாப்சிஸை, அனுப்பு, பார்த்துத் தருகிறேன். ரெக்கமண்டேஷன் லெட்டருக்கு மட்டும் அந்த முன்வரிசைப் பக்கம் போய்விடாதே.