உருவம் இல்லாமலும் கலை உண்டு
மனித, விலங்கு உருவம் கூடாது என்றதால் இஸ்லாமியக் கலை சுருங்கிவிட்டது என்று ஒரு கட்டுரை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்பெயினின் கோர்டோபா பள்ளிவாசலைப் பாருங்கள். 10ஆம் நூற்றாண்டில் கலீஃபா இரண்டாம் அல் ஹகம் அதை விரிவாக்கியபோது, தொழுகைத் திசை காட்டும் மிஹ்ராப் மாடத்தைச் சுற்றிப் சிறு கண்ணாடிச் சில்லுகளைப் பதித்துச் செய்த பொன் மொசைக்கில் குர்ஆன் வசனங்களும் செடிகொடி வடிவங்களும்தான். ஒரு முகம்கூடக் கிடையாது, ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது! அந்த வேலைக்கு ஆளும் கண்ணாடிச் சில்லும் அனுப்பியவர் கான்ஸ்டான்டினோபிளின் கிறிஸ்தவப் பேரரசர் என்பது அரபு வரலாற்றாசிரியர்கள் தரும் தகவல்.

1236இல் நகரம் கிறிஸ்தவர் வசமானதும் அது தேவாலயமானது. சரி, அதோடு விட்டார்களா? 1523இல் தூண்களை இடித்து நடுவிலேயே ஒரு கதீட்ரலை எழுப்பத் தொடங்கினார்கள். அந்த ஒட்டு எனக்கு உறுத்தல்தான். ஆனால் பள்ளிவாசலின் சிவப்பு வெள்ளை வளைவுகள் பெரும்பாலும் இன்றும் நிற்பதற்கு, அங்கே வழிபாடு விடாமல் நடந்ததும் ஒரு காரணம்.