படித்தது ஏன் மறந்துபோகிறது?

காரைக்குடியில் கல்லூரி மாணவர்களுக்குக் கற்றல் திறன் ஆலோசகராக இருக்கிறேன். பாடம் நடத்துவதில்லை, எப்படிப் படிப்பது என்று சொல்லித் தருகிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் முதலில் சொல்வது ஒன்றுதான்: "படிக்கிறேன் மேடம், ஹாலுக்குள்ள போனா மறந்துடுது."

கல்லல் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் பி.காம் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி. மூன்று அரியர். நோட்டைப் பிரித்தால் மஞ்சள், பச்சை, ரோஸ் என்று ஹைலைட்டர் போடாத வரியே இல்லை. ஒவ்வொரு யூனிட்டையும் ஐந்தாறு முறை வாசித்திருக்கிறாள். நோட்டை மூடச் சொல்லி, ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, நினைவில் இருப்பதை எழுதச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் நாலு வரிதான் வந்தது. கண் கலங்கிவிட்டது. "அப்ப நான் படிக்கவே இல்லையா மேடம்?"

"படிச்சிருக்கம்மா. வெளியே எடுக்கத்தான் பழகலை" என்றேன்.

திரும்பத் திரும்ப வாசித்தால் வரி பழகிவிடும். பழகியதைத் தெரிந்ததாக மனசு எடுத்துக்கொள்ளும். 2006ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை வைத்தே இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது, மறுபடி வாசித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு 42 சதவீதம்தான் நினைவிருந்தது. வாசித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. தேர்வுக்கு முந்தின ராத்திரி எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதும் இப்படித்தான்.

நம் ஊருக்கு இது புதுசும் இல்லை. என் ஐயா, அதாவது தாத்தா, சின்ன வயதிலேயே பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாக, கடையில் வேலை பழகும் பையனாகப் போனவர். சாயங்காலம் வளவில், வீட்டு உள்முற்றத்தில் உட்கார்ந்து எனக்கு வாய்பாடு கேட்பார். வரிசையாகக் கேட்கவே மாட்டார். "எட்டு மாகாணி எவ்வளவு?" என்று திடீரென்று வரும். மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு. அரை என்று சொல்லும்வரை வாய்பாட்டுச் சுவடியைத் தொட விடமாட்டார். இரண்டு நாள் கழித்து, நான் மறந்திருப்பேன் என்று தெரிந்தே, அதையே திரும்பக் கேட்பார். விட்டு விட்டுக் கேட்பது, பார்க்காமல் சொல்ல வைப்பது. இன்று நான் சொல்லித் தருவதில் பாதி இதுதான்.

எனக்குள்ள ஆதங்கம் வேறு. அரியர் விழுந்த பிறகுதான் பிள்ளைகளை எங்களிடம் அனுப்புகிறார்கள், அதுவும் 'ஸ்லோ லேர்னர்' என்று ஒரு பட்டியலில் பேரை எழுதி. அந்தப் பட்டியலில் பேர் வந்த பிள்ளை தலை நிமிர்ந்து உள்ளே வருமா? 1947ல் வள்ளல் அழகப்பச் செட்டியார் இங்கே கல்லூரி தொடங்கினார். இத்தனை வருஷம் கழித்தும், வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகள் இங்கே நிறைய. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்' பார்த்துப் படித்துவிட்டு, ஜூன் ஜூலையில் இங்கிலீஷ் புத்தகத்தின் முன் உட்காருகிறார்கள். அதை எப்படிப் படிப்பது என்று ஒருவரும் காட்டிக் கொடுக்கவில்லை. இது மூளைக் குறைவா?

முதல் செமஸ்டர் முதல் மாதத்திலேயே, எல்லா மாணவர்களுக்கும், வாரம் ஒரு மணி நேரம் கால அட்டவணையில் இதற்கு ஒதுக்க வேண்டும். ரேங்க் வாங்குகிற பிள்ளையும் அந்த வகுப்பில் உட்காரட்டும், அப்போதுதான் யாருக்கும் கூச்சம் இருக்காது. செலவு என்று பார்த்தால் கொஞ்சம் வெள்ளைத்தாள், ஒரு ஆள்.

அந்த பி.காம் பெண் நவம்பரில் இரண்டு அரியரை முடித்துவிட்டாள். காஸ்டிங் மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றாள், நோட்டு இல்லாமல்.