தவணை கட்டுகிறவர் கணக்குக் கேட்கக் கூடாதா?

கடன் இருக்கிறவர் வங்கியில் வாய் திறக்கக் கூடாது என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. வட்டிக்கு வாங்கிப் பழகிய ஊர் இது. மீட்டர் வட்டிக்காரனிடம் போய்க் கணக்குக் கேட்டால் என்ன நடக்கும் என்று மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தப் பயத்தை ஏசி போட்ட வங்கிக் கிளைக்குள்ளும் தூக்கிக்கொண்டு போகிறோம். கவுன்டரில் இருப்பவர் "சிஸ்டம் தானா பிடிக்குதுங்க" என்றதும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

நாம் கட்ட வேண்டிய பாக்கி ஒரு கணக்கு. விதிக்கு மாறாக அவர்கள் பிடித்தது வேறு கணக்கு. முதலாவது தீரும் வரை இரண்டாவதைப் பற்றிப் பேசக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. சொல்லப்போனால் கடனை அடைத்துக்கொண்டிருக்கிற நேரத்தில்தான் இதைக் கேட்க வேண்டும். கையில் காசு புரள்கிறவருக்கு 300 ரூபாய் ஒரு பொருட்டில்லை. தவணைக்குத் தவிக்கிறவருக்கு அது மூன்று நாள் காய்கறி.

கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அதனால் அக்கம்பக்கத்தில் யாருக்கு ஸ்டேட்மென்ட் புரியவில்லை என்றாலும் என் மேஜைக்குத்தான் வரும். செல்லூரில் இருந்து வேலைக்கு வருகிற ஒரு அக்காவின் கணக்கைச் சொல்கிறேன். வீட்டுக்காரருக்கு வாங்கிய டூவீலர் கடன், மாதத் தவணை 3,850. தவணைத் தேதி 5. சம்பளம் வருவது 7. இந்த இரண்டு நாள் இடைவெளியில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

5-ம் தேதி கணக்கில் பணம் இல்லை, தவணையைப் பிடிக்க முடியாமல் திரும்புகிறது. வங்கி 250 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 45-ம் சேர்த்து 295 பிடிக்கிறது. மறுநாளே ஃபைனான்ஸ் கம்பெனி அதே தவணையை மறுபடி அனுப்புகிறது. மறுபடி திரும்புகிறது, மறுபடி 295. கம்பெனி தன் பங்குக்கு பவுன்ஸ் சார்ஜ் என்று 590. ஆக 3,850 ரூபாய் தவணைக்கு 1,180 ரூபாய் தண்டம், முப்பது சதவீதம். கந்துவட்டியை ஒழிக்க 2003-ல் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது என்பதை இங்கே சும்மா நினைவுபடுத்திவிட்டுப் போகிறேன்.

அதோடு நின்றதா? மினிமம் பேலன்ஸ் இல்லை என்று தனியாக 354. இருப்பு மைனஸுக்குப் போனது. அப்புறம் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வந்து விழுந்ததும் மைனஸுக்கு ஈடாகப் போனது. 2023 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியபோதே இப்படி நடந்து, அந்தப் பணத்தில் கை வைக்கக் கூடாது என்று மாநில அரசு வங்கிகளுக்குச் சொன்னது பலருக்கு நினைவிருக்கும்.

"கேட்டுப் பார்ப்போமா அக்கா" என்றேன். "வேணாம்ணே, நாமளே கடன்பட்டவுக. போய்க் கேட்டா மொத்தத்தையும் இப்பவே கட்டுன்னுருவாய்ங்க" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் இந்தப் பிடித்தங்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எழுதிக் கேட்டோம். மினிமம் பேலன்ஸ் விஷயத்தில் ரிசர்வ் வங்கி 2014 நவம்பர் சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதி தெளிவாக இருக்கிறது. இருப்பு குறைந்தால் வாடிக்கையாளருக்கு முதலில் தகவல் சொல்ல வேண்டும். சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்ற அளவில்தான் அபராதம். முக்கியமாக, இந்த அபராதத்தினால் மட்டுமே இருப்பு மைனஸுக்குப் போகக் கூடாது. அக்காவுக்கு எஸ்எம்எஸ், கடிதம் எதுவும் வரவில்லை. கடிதத்தில் இந்த நான்கையும் எழுதினோம். மினிமம் பேலன்ஸ் பிடித்தம் திரும்பி வந்தது. இரண்டாவது முறை பிடித்த 295-ஐ நல்லெண்ண அடிப்படையில் தருவதாகச் சொல்லித் தந்தார்கள். முதல் 295 வரவில்லை. ஃபைனான்ஸ் கம்பெனியின் 590-ம் வரவில்லை. ஒப்பந்தத்தில் போட்டிருக்கிறது என்றார்கள், போட்டுத்தான் இருந்தது.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம். "இது ரொம்ப அதிகம்" என்று கேட்டால் பெரும்பாலும் தோற்போம். "இது உங்கள் விதிக்கே மாறானது" என்று கேட்டால் கிடைக்கும்.

இங்கிலாந்தில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். 2006-ல் அங்கே வணிக நியாய அலுவலகம் என்ற அரசு அமைப்பு, கிரெடிட் கார்டு தாமத அபராதம் 12 பவுண்டுக்கு மேல் போனால் நியாயமற்றதாகவே கருதுவோம் என்றது. அதைப் பிடித்துக்கொண்டு, கடனில் இருந்தவர்கள் உட்பட ஏராளமானோர் வங்கிக் கணக்கு அபராதங்களையும் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். நிறையப் பேருக்குக் கிடைத்தது. பிறகு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2009 நவம்பரில் வங்கிகள் பக்கம் தீர்ப்பானது. தொகை நியாயமா என்ற கேள்வியை அந்த அலுவலகம் நுகர்வோர் ஒப்பந்த விதியின் கீழ் எழுப்ப முடியாது என்றார்கள். ஆனால் அதே நாட்டில், கடனோடு தலையில் கட்டிய காப்பீட்டுக்காக வங்கிகள் சுமார் 3,800 கோடி பவுண்டு திருப்பிக் கொடுத்தன. அங்கே கேள்வி தொகை பற்றியதல்ல, விற்ற விதம் பற்றியது.

நம்மூரிலும் கதை கிட்டத்தட்ட இதேதான். கிரெடிட் கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. எனவே வட்டி அதிகம் என்று சண்டை போடுவது வீண். 40,000 ரூபாய் பாக்கிக்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 1,400, அதற்கு ஜிஎஸ்டி 252. அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய மினிமம் தொகை 2,000 மட்டும் கட்டுகிறோம் என்று வைத்துக்கொண்டால் அசலில் குறைவது 348 ரூபாய். வயிறு எரியத்தான் செய்யும், ஆனால் அது சட்டப்படியான எரிச்சல். முடிந்த வரை மினிமத்துக்கு மேல் கட்டுவதைத் தவிர வழியில்லை.

கேட்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த கார்டு விதிகளின்படி, கட்டாமல் விட்ட கட்டணத்தையும் வரியையும் பாக்கியோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. தாமதக் கட்டணம், கெடு முடிந்து மூன்று நாளுக்கு மேல் போனால்தான். அதுவும் மீதி நின்ற தொகையை வைத்துத்தான், மொத்த பில்லை வைத்து அல்ல. பாக்கி எல்லாம் தீர்த்துவிட்டு கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தவறினால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். கேட்காமலேயே கார்டு அனுப்பி பில்லும் போட்டால், அதை ரத்து செய்வதோடு அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்கும் தர வேண்டும். மால் வாசலில் கையெழுத்து வாங்குகிற தம்பிகள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

கார்டு அல்லாத மற்ற கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதி இருக்கிறது. தவணை தவறினால் அபராத வட்டி என்று வட்டி விகிதத்தோடு சேர்த்துப் போடக் கூடாது. அபராதக் கட்டணமாகத் தனியே காட்ட வேண்டும், அந்தக் கட்டணத்துக்கு மேல் வட்டி ஏறக் கூடாது. புதுக் கடனுக்கு 2024 ஏப்ரல் 1 முதல், பழைய கடன்களையும் 2024 ஜூன் இறுதிக்குள் மாற்றியிருக்க வேண்டும். அதற்குப் பிந்தைய ஸ்டேட்மென்டில் இன்னும் பீனல் இன்ட்ரஸ்ட் (அபராத வட்டி) என்று ஒரு வரி இருந்தால், அதுதான் உங்கள் கடிதத்தின் முதல் வரி.

காப்பீடு தனிக் கூத்து. 436 ரூபாய், 20 ரூபாய் என்று ஆண்டுக்கு ஒரு முறை போகிற இரண்டும் பிரதமர் பெயரிலான ஆயுள், விபத்துக் காப்பீட்டுத் திட்டங்கள். நல்ல திட்டங்கள்தான், 436-க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு வேறெங்கே கிடைக்கும்? ஆனால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். சம்மதப் படிவத்தின் நகலைக் கேளுங்கள். கடன் தரும்போதே ஆயிரக்கணக்கில் பிரீமியம் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தால் பாலிசியை உடனே வாங்கிப் பாருங்கள். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம்.

சரி, எப்படிக் கேட்பது? வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. தமிழிலேயே எழுதுங்கள். தேதி, தொகை, ஸ்டேட்மென்டில் இருக்கிற அதே வாசகம், எந்த விதி, எவ்வளவு திரும்ப வேண்டும். கிளையில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள், அல்லது மின்னஞ்சலில் அனுப்பி புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் காசு கட்ட வேண்டியதில்லை. 14448-க்கு அழைத்தால் தமிழிலும் பேசுவார்கள். வக்கீல் மூலம் போட்டால் ஏற்க மாட்டார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விதி. தண்டல்காரர், தெரு முனை சிட்டை ஃபைனான்ஸ் எல்லாம் இதற்குள் வராது, அதற்குக் காவல் நிலையம்தான்.

திரும்பி வரும் பணம் எங்கே விழும் என்பதையும் யோசிக்க வேண்டும். அதே வங்கியில் கடன் பாக்கி இருந்தால் அதை அங்கேயே கழித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். சில சமயம் அதுவே நல்லதுதான், அசல் குறையும். ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கடன் இருந்தால், நீங்கள் கட்டும் பணம் எந்தக் கடனுக்கு என்று கட்டும்போதே எழுத்தில் சொல்ல 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 59-ம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. வட்டி அதிகமுள்ள கடனுக்கு என்று எழுதிக் கொடுங்கள்.

புகார் போட்டாச்சு என்று தவணையை நிறுத்திவிடாதீர்கள். "வங்கிக் கடனைக் கட்டவே வேண்டாம், நாங்கள் ரத்து செய்து தருகிறோம்" என்று ஐயாயிரம் பத்தாயிரம் முன்பணம் வாங்குகிற கூட்டம் பைபாஸ் ரோட்டில் போர்டு வைக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அவர்கள் பேச்சைக் கேட்டு நிறுத்தியவர்களின் சிபில் மதிப்பெண் என்ன ஆனது என்று அவர்களிடமே கேளுங்கள். பாக்கி பாக்கிதான், கட்டத்தான் வேண்டும்.

அக்காவுக்குக் கடைசியில் பெரிய நிம்மதி கொடுத்தது திரும்பி வந்த பணம் அல்ல. ஃபைனான்ஸ் கம்பெனியில் எழுதிக் கொடுத்து, கணக்கில் தவணை பிடிக்க அனுமதி தரும் மேன்டேட்டைப் புதிதாகப் போட்டு, தவணைத் தேதியை 10-க்கு மாற்றினோம். அதற்குப் பிறகு பவுன்ஸ் இல்லை. இதைக் கடன் கொடுக்கும் நாளிலேயே "சம்பளம் என்னைக்கும்மா வரும்" என்று கேட்டு அவர்களே செய்திருக்கலாம். ஏன் கேட்பதில்லை என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

ஸ்டேட்மென்டில் புரியாத வரி இருந்தால் கமென்டில் அந்த வரியை மட்டும் எழுதுங்கள், தெரிந்தால் சொல்கிறேன். கணக்கு எண், கார்டு எண், போன் நம்பர் போடாதீர்கள். போட்டால் ரிசர்வ் வங்கி அதிகாரி என்று சொல்லிக்கொண்டு யாராவது இன்பாக்ஸுக்கு வருவார்.